காதுக்குறி போட்ட காடு

ஆகஸ்டு பதினொன்றாம் தேதி கெவ்னிஸ் ஊர்க் கூடத்தில் நடந்த மான்மேய்ப்பர் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: தலைவி சுன்னா; அந்தே; அவன் மனைவி ரவ்ட்னா; அந்தேயின் பெரியப்பா மகன் மாஹ்தே; மற்ற மேய்ப்பர்கள் ஒன்பது பேர்; மரங்களின் வளையங்களை எண்ணுவதற்காகத் தெற்கிலிருந்து வந்து மூன்று கோடையாக ஊரில் தங்கியிருந்த தோர்குன் என்ற பெண்; மாஹ்தேயின் நாய்; முழங்கால் உயரத்தில் ஒரு பிர்ச் செடி. செடி நடந்துதான் வந்தது. மற்றவர்கள் வாசலில் பூட்ஸைக் கழற்றி வைத்தார்கள். செடி வேரிலிருந்த மண்ணைக் கால்மிதியில் உதறிவிட்டு அந்தேயின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டது. குறிப்பேட்டில் அதை நாய்க்கு அடுத்தபடியாக, வாக்குரிமை இல்லாதவர்கள் வரிசையில் எழுதினார்கள்.

மரங்கள் நடப்பது அன்றைய விவகாரமே அல்ல. அது பத்தொன்பது வருடமாக எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அதற்கு முன்பு பிர்ச் காடு ஏரிக்கரையோடு நின்றிருந்தது. அதற்கு மேலே சேர்ரு என்ற மொட்டை மேட்டில் கல்லும் காற்றும் வெள்ளைப் பாசியும் தவிர ஒன்றும் கிடையாது. பிறகு கோடைகளில் சூடு ஏறியது. ஒரு நாளின் சராசரி வெப்பம் எட்டு டிகிரியைத் தாண்டினால் மரங்கள் வேரை உருவிக்கொண்டு மேட்டைப் பார்த்து நடந்தன. பத்து டிகிரிக்குப் பன்னிரண்டு அடி, பதினைந்து டிகிரிக்கு நூறு அடி, மழை பெய்தால் அதில் பாதி. எட்டுக்குக் கீழே போனால் நின்ற இடத்திலேயே வேரூன்றிவிடும். கடிதம் கொண்டுவருகிறவர் வாசலில் நின்று, "நேத்து நாப்பது அடி" என்று சொல்லிவிட்டுப் போவார். கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்துவார்கள்.

மரம் நடப்பதில் யாருக்கும் வருத்தம் இல்லை. நிற்பதில்தான் வருத்தம். மொட்டை மேட்டில் குளிர்காலக் காற்று பனியைக் கூட்டிப் பெருக்கிக் கொண்டுபோய்விடும். மிச்சம் கிடக்கும் ஒரு சாண் பனியைப் பனிமான்கள் குளம்பால் கிளறிவிட்டு அடியிலிருக்கும் பாசியைத் தின்னும். மரம் நிற்கிற இடத்தில் காற்று தடுமாறும், பனி தங்கும், மார்பளவுக்குச் சேரும். பாசி கீழேயே இருக்கும். மான் மேலேயே சாகும். சேர்ருவின் தெற்கு ஓரம் அந்தேயின் பங்கு, ஆகவே காடு முதலில் ஏறியது அவன் மேய்ச்சலில்தான். ஒரு குளிர்காலத்தில் பதினேழு மான்கள் போயின, அடுத்ததில் முப்பத்தெட்டு. மிஞ்சியது நூற்று நாற்பது. இன்னொரு குளிர்காலம் அப்படிப் போனால் அவனுக்கு மேய்க்க மந்தை இருக்காது. வயது ஐம்பத்தொன்று. வேறு வேலை தெரியாது. ஒருமுறை கடற்கரை மீன் ஆலைக்கு இரவு வேலைக்குப் போய்ப் பதினோரு நாளில் திரும்பி வந்தான். அந்தப் பதினோரு நாளைப் பற்றி அவன் வாயிலிருந்து ஒரு சொல்லும் வந்ததில்லை.

காட்டை வெட்டலாமே என்றால் முடியாது. காடு அரசாங்கத்துடையது, மேட்டில் ஒரு கிளையை ஒடிப்பதற்கும் தாளில் கையெழுத்து வாங்க வேண்டும், அந்தக் கையெழுத்து போடுகிறவர் எப்போதும் விடுமுறையில் இருந்தார். இந்த நிலைமையில்தான் ஜூலையில் காதுக்குறி வெட்டும் நாள் வந்தது. அந்த வருடத்துக் குட்டிகளைத் தாய்களோடு பட்டிக்குள் அடைத்து, எந்தக் குட்டி யாருடைய தாயின் பின்னால் ஓடுகிறதோ அவருடைய குறியை அதன் காதுகளில் கத்தியால் வெட்ட வேண்டும். அந்தேயின் குறி, இடக் காதின் பின்பக்கம் இரண்டு வெட்டு, வலக் காதில் நுனி இல்லை. அவன் அப்பாவுடைய குறியும் அதுதான், நாற்பது வருடமாக வெட்டி வெட்டி, கத்தி கையில் வந்தால் அவனைக் கேட்காமலேயே விரல்கள் வெட்டிவிடும். அன்றைக்கு மூடுபனி. கொசுவை விரட்ட மூட்டிய ஈரப்புகை வேறு. முந்நூறு குட்டிகள் வட்டமாக ஓடிக்கொண்டிருந்தன. அந்தே சுருக்குக் கயிற்றை வீசினான், சிக்கியதை இழுத்து முழங்காலுக்கடியில் போட்டு அமுக்கினான், இடம் இரண்டு, வலம் ஒன்று என்று வெட்டிவிட்டான். குட்டி கத்தவில்லை. காதிலிருந்து ரத்தமும் வரவில்லை. குனிந்து பார்த்தபோது இலை.

பக்கத்தில் நின்று பார்த்தது மாஹ்தே. ஊரில் வேறு யார் பார்த்திருந்தாலும் பரவாயில்லை.

"டேய் அந்தே, நல்ல குட்டிடா. தாய் எதுன்னு பாத்தியா? அதோ, அந்த வேலிக்கம்பமா இருக்கும்!"

அந்தேவுக்குக் காதெல்லாம் சூடானது. ஆனாலும் செய்வதற்கு ஒன்றும் இல்லை. வெட்டிய குறியை அழிக்கக் கூடாது. திருடுவதைவிட அது கேவலம். கயிற்றைத் தளர்த்தினான். செடி எழுந்து, உடம்பை உதறிக்கொண்டு, பட்டிக்கு வெளியே நின்ற முதுகு வளைந்த ஒரு பிர்ச் மரத்தின் அடியில் போய் நின்றது. வளைந்த மரம் தாழ்ந்து கிளையால் அதைத் தடவிக்கொடுத்தது. குறி மூன்று நாளில் அந்த மரத்தின் இலைகளுக்கும் வந்துவிட்டது. பத்து நாளில் காடு முழுக்க வந்தது: இடப்பக்கக் கிளைகளின் இலையில் இரண்டு வெட்டு, வலப்பக்க இலைக்கு நுனி இல்லை. தோர்குன் தன் துளைக்கருவியால் வளைந்த மரத்திலிருந்து பென்சில் தடிமனில் ஒரு குச்சி எடுத்துப் பார்த்தாள். சூடான கோடைகளின் வளையங்கள் விரல்நக அகலம், குளிர்ந்த கோடைகளுடையது நூல் மாதிரி. எல்லாம் அவள் எதிர்பார்த்தபடியே. வெளியோரத்தில் அந்த வருட வளையத்தில் மட்டும் இரண்டு பள்ளம் இருந்தது. அதையும் அளந்து எழுதிக்கொண்டாள்.

ஆகஸ்டு பதினொன்றாம் தேதிக் கூட்டம் இதற்காகக் கூடியதுதான். மாஹ்தே எழுந்து மேசைமேல் ஒரு கை இலையைப் போட்டான். அவன் மேய்ச்சல் அந்தேயின் மேய்ச்சலுக்கு அடுத்தது. ஜூலையில் காடு அதற்குள்ளும் காலெடுத்து வைத்திருந்தது.

"சட்டம் எனக்கும் ஒண்ணுதான், அவனுக்கும் ஒண்ணுதான், சுன்னாக்கா. யார் குறியோ அவன் மந்தை. அவன் மந்தை என் மேய்ச்சல்ல ஏறுது. ஓட்டிக்கிட்டுப் போகச் சொல்லுங்க."

"மந்தையா? மரம்டா அது."

"வெட்டுறப்ப தெரியலையா மரம்னு?"

ஒன்பது மேய்ப்பர்களும் சிரித்தார்கள். தோர்குன்கூடச் சிரித்துவிட்டுக் குனிந்துகொண்டாள். சுன்னா அந்தேயின் அம்மாவுக்குத் தங்கை. அவன் சின்னப் பையனாக இருந்தபோது மூக்கைத் துடைத்துவிட்டவள். அதற்காக அவள் முகத்தில் எதுவும் இளகவில்லை.

"சிரிச்சது போதும். அந்தே, இது உன் குறிதானே?"

"என் குறிதான் சித்தி."

"வேற யாரும் வெட்டலையே?"

"நான்தான் வெட்டினேன்."

"அப்ப உன்னுது. அரசாங்கம் வந்து கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். காதுக்குறி அவங்க சட்டத்தைவிட மூத்தது. முதல் பனி விழறதுக்குள்ள உன் காட்டைச் சேர்ருவை விட்டு இறக்கிடு. ஒரு மரமும் மேட்டுல நிக்கக் கூடாது. நின்னா உன் பங்கைக் கலைச்சுடுவோம். மத்தவங்க மேய்ச்சலைத் தன் மந்தையால அழிச்சவன்கூட யாரும் சேர்ந்து மேய்க்க முடியாது. இது உனக்காகப் போட்ட விதி இல்ல, எல்லாருக்கும் உள்ளது."

ரவ்ட்னா இப்போது கையைத் தூக்கினாள். "சித்தி, ஒண்ணு கேட்டுக்கறேன். அவனுதுன்னு ஆயிடுச்சுன்னா, அவன் அதைத் தொடலாம், தூக்கலாம், எங்க வேணா கொண்டுபோகலாம், இல்ல?"

"அவன் சொத்து. யார் கேக்க முடியும்?"

அவ்வளவுதான் என்று ரவ்ட்னா கையை இறக்கினாள். எழுதிக்கொண்டார்கள், காப்பி குடித்தார்கள், பூட்ஸை மாட்டினார்கள். செடி அந்தேயின் பின்னாலேயே போய், வளைந்த மரம் இருந்த திசைக்குத் திரும்பும் இடத்தில் பிரிந்து போனது.

அந்தே மூன்று வாரத்தை வீணாக்கினான். நாயைவிட்டு விரட்டினான். நான்கு சக்கர வண்டியில் ஏறிச் சத்தம் போட்டுக்கொண்டு பின்னால் ஓட்டினான். பக்கத்து மாவட்டத்துக்காரர் ஒருவர் மான் விரட்ட வந்த ஹெலிகாப்டரைத் திரும்பும் வழியில் இரண்டு சுற்றுத் தாழ்வாகப் பறக்கவிட்டுக் காட்டினார். இலைகள் உதிர்ந்தன, மரங்கள் மேலும் அறுநூறு அடி மேட்டில் ஏறின. மிரண்ட மந்தை தான் ஏற்கெனவே போக நினைத்த பக்கம்தான் ஓடும். காடு போக நினைத்தது வடக்கே. செப்டம்பர் முதல் வாரம் வீட்டுக்கு வந்து சமையலறையில் உட்கார்ந்தவன் இறைச்சிச் சூப்பைத் தொடவில்லை. தெற்கே யாரோ ஒருவருக்கு லாரி ஓட்ட ஆள் வேண்டுமாம் என்றான். ரவ்ட்னா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வசந்தத்துல மேல போறப்போ ஒரு குட்டி நடக்க மாட்டேன்னு படுத்துக்கிட்டா என்ன பண்ணுவோம்?"

"வண்டியில தூக்கி வச்சுக் கட்டுவோம்."

"தாய்?"

"பின்னாலயே வரும்."

"மந்தை?"

அந்தே எழுந்து கயிறு தேடப் போனான். ரவ்ட்னா அவன் சூப்பைச் சட்டியில் திரும்ப ஊற்றி மூடி வைத்தாள். வெறும் வயிற்றில் போவது அவனுக்குப் பழக்கம். அவனை நிறுத்தி வைத்துச் சாப்பிடச் சொன்னால் எண்ணம் கலைந்துபோகும் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் காலை பதினொரு டிகிரி. அந்தே மேட்டில் செடியைத் தூக்கி, வேரை மான்தோலில் சுற்றி, நான்கு சக்கர வண்டியின் பின்பெட்டியில் வைத்துக் கட்டினான். ஒரு வருடம் முன்பு இதைச் செய்திருந்தால் அபராதம். ரவ்ட்னா வண்டியை மெல்ல எடுத்தாள். அந்தே முன்னால் நடந்தான், திரும்பிப் பார்க்காமல். திரும்பிப் பார்க்கிற மேய்ப்பனை மந்தை நம்பாது. இருநூறு அடி போனதும் பின்னால் ஈரத்துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. வளைந்த மரம் முதல் வேரை உருவியது. பிறகு அடுத்த வேர். பிறகு அதற்குப் பின்னால் நின்றவை, அதற்கும் பின்னால் நின்றவை. பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக அந்தக் காடு தெற்கே திரும்பியது.

ஏரிக்கரைப் பட்டி ஒன்பது கிலோமீட்டர். இலையுதிர்காலத்தில் ஊரின் எல்லா மந்தைகளையும் ஒன்றாக அடைக்கிற பெரிய பட்டி அது. பிள்ளை முன்னால் போகிறது என்பதால் மரங்கள் பத்து டிகிரிக்குப் பன்னிரண்டு அடி என்ற கணக்கை விட்டுவிட்டு நாளுக்கு மூன்று கிலோமீட்டர் நடந்தன. ஆனால் எட்டு டிகிரி என்ற கணக்கை அவற்றால் விட முடியவில்லை, அது அவற்றின் கையில் இல்லை. முதல் நாள் பதினொன்று, இரண்டாம் நாள் பத்து. மூன்றாம் நாள் காலை ஒன்பது. அன்று மதியம் காற்று வடக்கே திரும்பியது. பின்பெட்டியிலிருந்த செடி பட்டிக் கதவுக்கு எண்ணூறு அடி தூரத்தில் இருந்தபோது வெப்பமானி ஐந்தைக் காட்டியது. வளைந்த மரம் ஒரு வேரை முன்னால் வைத்து, யோசித்து, அப்படியே ஊன்றியது. வரிசை நான்கு கிலோமீட்டர் நீளம். முன்பாதி பள்ளத்தில் நின்றது. பின்பாதி இன்னும் சேர்ருவில்.

அந்தே மேகத்தைப் பார்த்தான். பனி மேகம். நாளை, தப்பினால் நாளை மறுநாள். அவன் வண்டியின் ஓரத்தில் சாய்ந்து உட்கார்ந்து கையுறையைக் கழற்றினான், திரும்பப் போடவில்லை. பாதிக் காடு இறங்கியது என்று சித்தியிடம் சொல்ல முடியாது. ஒரு மரமும் நிற்கக் கூடாது என்றுதான் அவள் சொன்னாள்.

பாதையில் வேறொரு வண்டி வந்தது. மாஹ்தே. பின்பெட்டியில் அவன் கூடாரத்து இரும்பு அடுப்பு, அதன்மேல் விறகுக் கட்டு.

"என்னடா, உன் மந்தை படுத்துருச்சா?"

"குளிருதாம்."

"எனக்கும்தான் குளிருது. நான் என்ன வேரா விட்டேன்?" அவன் அடுப்பை வளைந்த மரத்துக்கு முன்னால் இறக்கித் தீ மூட்டினான். "பாத்துக்கிட்டு நிக்காத, அந்தக் குழாயைப் பிடி. உனக்காக ஒண்ணும் இல்ல. என் பாசிக்காக."

"தெரியும்" என்றாள் ரவ்ட்னா. "காப்பி இருக்கு. குடிச்சுட்டுத் திட்டு."

ஒரு மணி நேரத்தில் மற்ற ஒன்பது பேரும் வந்தார்கள்; மாஹ்தே எல்லோருக்கும் போன் செய்திருந்தான், என்ன சொன்னான் என்று யாரும் வெளியே சொல்லவில்லை. பத்துக் கூடாரத்துப் பத்து அடுப்புகளையும் பாதையோரம் வைத்து மூட்டினார்கள், மரங்கள் கடந்ததும் தூக்கிக்கொண்டு மேலே ஓடி அடுத்தவற்றுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். தோர்குன் வெப்பமானியோடு வரிசையின் நீளத்துக்கு ஓடினாள். "இங்க ஒன்பது! இங்க ஆறுதான், போடுங்க, இன்னும் போடுங்க!" மூன்று கோடையாக வெப்பத்தை எழுதி மட்டும் வைத்தவள் அன்று முதல்முறையாக அதை உண்டாக்கினாள், முகமெல்லாம் கரி. அடுப்புகளில் எரிந்தது பிர்ச் விறகு. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. சூடு பட்டதும் மரங்கள் வேரை உருவிக்கொண்டு நடந்தன. அவையும் அதைப் பற்றி ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே சேர்ரு காலியானது. சுன்னா வண்டியில் மேடு முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, "சுத்தமா இருக்கு" என்றாள். அந்தே தலையை ஆட்டினான். பிறகு ஒரு பாறைக்குப் பின்னால் போய் நின்றான். ரவ்ட்னா அவன் போன பக்கம் யாரும் போகாதபடி வழியில் நின்று எல்லோருக்கும் காப்பி ஊற்றினாள்.

அந்தக் குளிர்காலம் சேர்ருவில் காற்று பழையபடி பனியைப் பெருக்கியது. அந்தேயின் மான்களில் இரண்டு செத்தன, ஒன்று கிழம், ஒன்று ஓநாய் அடித்தது. கோடையில் எந்த உயிரையும் பட்டியில் அடைத்து வைக்கக் கூடாது என்பதும் விதிதான். ஆகவே ஜூனில் பட்டியைத் திறந்துவிட்டார்கள், காடு மேலே ஏறியது, மான்கள் அதன் இளம் இலைகளைத் தின்று கொழுத்தன. செப்டம்பரில் திரும்ப இறக்கினார்கள். அதிலிருந்து வருடாவருடம் அப்படித்தான். மாவட்டப் பதிவேட்டில் அந்தேயின் பெயருக்கு எதிரே மான்கள் நூற்றுத் தொண்ணூறு, காடு ஒன்று என்று இருக்கிறது. சரிபார்க்க வந்த அதிகாரி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, காட்டுக்குத் தனிப் படிவம் கிடையாது என்பதால் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். செடி இப்போது ஆளுயரம். அதற்குப் பதிலாக வேறொரு சின்னதை வண்டியில் வைக்கிறார்கள். மாஹ்தே இன்றைக்கும் திட்டுகிறான். அடுப்பை முதலில் கொண்டுவருகிறவனும் அவன்தான்.

ஆனால் அந்த முதல் வருடம் வேலை அன்று சாயங்காலத்தோடு முடியவில்லை. மறுநாள் காலையில் பட்டிக் கதவைச் சாத்தப் போனபோது பாதையில் இன்னொன்று நின்றுகொண்டிருந்தது. ஒரு பைன் மரம். பிர்ச் இல்லை. அது அந்தக் காட்டோடு இருந்தது யாருக்கும் தெரியாது. தெற்கே எங்கோ கிளம்பி, ஒரு நாளுக்கு ஒரு சாண் என்று காட்டுக்குப் பின்னாலேயே ஏறி வந்திருக்க வேண்டும், மேட்டின் விளிம்பைத் தொட்டிருக்காது, அதற்குள் முன்னால் போன மரங்கள் எல்லாம் திரும்பியிருக்கும். தோர்குன் துளைத்துப் பார்த்து முந்நூற்றுப் பன்னிரண்டு வயது என்றாள். வளையங்கள் அவ்வளவு நெருக்கம், எண்ணுவதற்குள் கண்ணில் நீர் வந்துவிட்டது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்ததில் ஊசியிலைகளில் குறி இருந்தது. இடம் இரண்டு, வலம் ஒன்று.

கதவுக்கு நாற்பது அடி. பனி விழத் தொடங்கிவிட்டது. சுன்னா, மேடு காலியாகிவிட்டது, தீர்ப்பு நிறைவேறிவிட்டது, இதைப் பற்றிக் கேட்க மாட்டேன் என்றாள்.

"விட்டுடுடா" என்றான் மாஹ்தே. "மேடு ஏற இதுக்கு இன்னும் நானூறு வருஷம் ஆகும். நம்ம யாரும் இருக்க மாட்டோம்."

"குறி இருக்கே."

"இருந்தா?"

"இருந்தா என்னுது."

மாஹ்தே "பைத்தியம்" என்று சொல்லிவிட்டுத் தன் அடுப்பைத் தூக்கிவந்து பைன் மரத்துக்கு அருகில் வைத்தான். மற்றவர்கள் வீட்டுக்குப் போனார்கள். அந்தே, ரவ்ட்னா, மாஹ்தே மூன்று பேரும் விறகுக் கட்டின்மேல் உட்கார்ந்தார்கள். உலர்ந்த மான் இறைச்சியைக் காப்பியில் நனைத்துத் தின்றார்கள். பைன் மரம் ஒரு வேரைத் தூக்கும், நடுங்கும், வைக்கும், நிற்கும். யாரும் அவசரப்படுத்தவில்லை. நடுப்பகலில் இருபது அடி மிச்சம். இரண்டு மணிக்குப் பத்து. ரவ்ட்னா அந்தேயின் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். அவன் கால் மரத்துப்போனாலும் அசையவில்லை. மூன்று வாரம் கழித்து முதல்முறையாக அவனுக்குப் பசித்தது. இறைச்சித் துண்டுகள் எல்லாவற்றையும் தின்று, மாஹ்தேயின் பங்கிலும் கைவைத்தான், மாஹ்தே கையில் ஒரு தட்டுத் தட்டினான்.

மூன்றரை மணிக்குப் பைன் மரம் பட்டிக்குள் நுழைந்தது. கொக்கி மட்டும் போதும் என்றான் மாஹ்தே. போதாது, மரங்கள் வேரால் கொக்கியைத் தூக்கிவிடும் என்றான் அந்தே. கடைசி வேர் உள்ளே இழுபடும்வரை காத்திருந்து, பைன் மரத்துக்குப் பின்னால் கதவைச் சாத்தினான். பூட்டைப் போட்டுச் சாவியைத் திருப்பினான்.